கல் சொல்லாத பெயர்கள்

சென்னை பெசன்ட் நகரில் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்திற்கு வருவோருள் பலர், வழிபாடு முடிந்ததும் அருகிலுள்ள எலியட்ஸ் கடற்கரைக்குச் செல்வர். அங்கே மணற்பரப்பில் வெண்ணிற நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. திரைப்படங்களில் அதைக் கண்டவர் பலர். அதன் கல்வெட்டை வாசித்தவர் சிலரே. 1930 டிசம்பர் 30 அன்று, பிறர் உயிரைக் காக்க உதவுகையில் இவ்விடத்தருகே மூழ்கி இறந்த ஷ்மிட் என்பவரின் வீரத்தை நினைவுகூர எழுப்பப்பட்டது என்பதே அக்கல் தரும் செய்தி.

மக்களிடையே வழங்கும் கதையோ நீளமானது. அவர் காப்பாற்றிய ஆங்கிலப் பெண் அன்று மாலையே விருந்தொன்றில் நடனமாடிக் களித்தாளாம். தனக்காக ஒருவர் மாண்டதைப் பற்றி வாய் திறக்கவில்லையாம். அதை அறிந்த ஆளுநர் சினமுற்று, இச்சின்னத்தை எழுப்பப் பணித்தாராம்.

கதையைக் கேட்கையில் அப்பெண்மீது நமக்கும் சினம் எழுகிறது. ஆனால் கல் அவளைக் குற்றம் சாட்டவில்லை. 'பிறர்' என்ற ஒரே சொல்லோடு அது நின்றுவிடுகிறது. காப்பாற்றப்பட்டவர் யாவர், நன்றி கூறினரா என்று அது கேட்பதில்லை.

நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று போதிக்கிறார் புனித பவுல். நம் நன்றியை எதிர்பார்த்து வந்த மீட்பன்று அது. அவரது சாவைத் திருப்பலியில் நினைவுகூரும் நாம், மாலைக்குள் அதை மறந்து நம் விருந்துகளுக்குத் திரும்பிவிடுகிறோம் அல்லவா? அப்பெண்ணைப் பழிக்குமுன், 'பிறர்' என்னும் அச்சொல்லில் நம் பெயரையும் வாசிக்கக் கற்போம்.