பங்கீட்டு நீதியும் அல்ஜப்ர் கணிதமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகள் அஞ்சும் பாடங்களுள் இயற்கணிதம் முதலிடம் பெறுகிறது. விகிதசமமும் வர்க்கமூலமும் தேர்வுக்காக மனனம் செய்யப்பட்டுப் பின்னர் மறக்கப்படுகின்றன. ‘இக்கணக்கு வாழ்க்கையில் எதற்குப் பயன்படும்?’ என்னும் வினாவும் எழுகிறது. இவ்வினாவுக்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பக்தாத் நகரில் விடை எழுதப்பட்டுவிட்டது என்பதை நம்மில் பலர் அறியோம்.

பக்தாதில் எழுந்த நூல்

அப்பாஸிய கலீஃபா மஃமூன் (ஆட்சி: கி.பி. 813–833) காலத்தில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய பேரறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ. இக்கலீஃபாவின் ஊக்குவிப்பால் அவர் இயற்றிய நூலே ‘அல்கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல் முகாபலா’ என்பதாகும். ‘ஜப்ர்’ என்றால் ஒடிந்ததைப் பொருத்துதல். ‘முகாபலா’ என்றால் நேருக்கு நேர் வைத்தல். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டுள்ளதை இரு பக்கமும் கூட்டி நிறைவு செய்வது ஜப்ர். இரு பக்கமும் உள்ள ஒத்த உறுப்புகளை ஒன்றுக்கொன்று நீக்குவது முகாபலா. இச்சொல்லே ‘அல்ஜீப்ரா’ என உலகெங்கும் வழங்குகிறது.

இருபடிக் கணக்குகளைப் பாபிலோனியர் பன்னெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். இந்தியக் கணித மேதைகளும் இத்துறையில் சிறந்து விளங்கினர். இவற்றைத் தனியொரு கலையாக வகைப்படுத்தி, ஒவ்வொரு விதிக்கும் காரணம் காட்டி விளக்கியதே அல்குவாரிஸ்மீயின் பெருமை. மரண சாசனம், வாரிசுரிமை, பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கை எளிமையாக்கவே இந்நூலை எழுதுவதாக அவர் தம் முன்னுரையில் தெரிவிக்கிறார்.

நான்கு எண்களின் விதி

வணிகத்தைப் பற்றிய அத்தியாயத்தில் விகிதசமம் விளக்கப்படுகிறது. எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் நான்கு எண்கள் உள்ளன: பொருளின் அளவு, அதன் விலை, வாங்குபவர் தரும் தொகை, அதற்குக் கிடைக்கும் அளவு. மூன்று தெரிந்தால் நான்காவதைக் கண்டுவிடலாம். பத்து அளவுப் பொருளின் விலை ஆறு திர்ஹம் என்றால், நான்கு திர்ஹத்திற்கு எவ்வளவு கிடைக்கும்? பத்தை நான்கால் பெருக்க 40; அதை ஆறால் வகுக்க 6⅔. மாதம் பத்து திர்ஹம் கூலி பெறும் தொழிலாளி ஆறு நாள் மட்டும் வேலை செய்தால் அவருக்குரியது எவ்வளவு? ஆறு நாள் என்பது மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு திர்ஹம். இதே முறையைக் கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில் ‘திரைராசிகம்’ என்னும் பெயரில் கூறியிருப்பது நினைவுகூரத்தக்கது.

தொழிலாளியின் கூலி ஒரு திர்ஹம் குறைந்தாலும் அநீதி. கூடினாலும் முதலாளிக்கு இழப்பு. அவரவர்க்குரியதை அவரவர்க்குச் சேர்ப்பதற்கே விகிதக் கணக்கு துணை நிற்கிறது.

பங்குகள் மிகும்போது

வாரிசுரிமையில் இதன் அருமை இன்னும் தெளிவாகும். ஒருவர் மனைவி, இரு புதல்வியர், தந்தை, தாய் ஆகியோரை விட்டுவிட்டு இறக்கிறார் எனக் கொள்வோம். மனைவிக்கு 1/8, புதல்வியர் இருவருக்கும் சேர்த்து 2/3, தந்தைக்கு 1/6, தாய்க்கு 1/6. சொத்தை 24 பாகமாக்கினால் முறையே 3, 16, 4, 4 என்று வரும். கூட்டினால் 27! இருப்பதோ 24 பாகம். யாருடைய பங்கைக் குறைப்பது?

ஒருவரை மட்டும் குறைத்தால் அது அவருக்கு இழைக்கும் அநீதி. ஆகவே சொத்தை 27 பாகமாக்கி, அனைவரையும் ஒரே விகிதத்தில் குறைப்பர். இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர். நான்கு மத்ஹபுகளும் இதனை ஏற்கின்றன. சொத்து 2,70,000 ரூபாய் என்றால் மனைவிக்கு 30,000, புதல்வியருக்கு 1,60,000, தந்தைக்கு 40,000, தாய்க்கு 40,000. மின்பரில் நின்றிருந்த வேளையில் அலீ (ரலி) அவர்களிடம் இவ்வினா எழுப்பப்பட்டபோது, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என உடனே விடையளித்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. ஆதலால் இக்கணக்கு ‘மின்பரிய்யா’ எனப் பெயர் பெற்றது.

வேரைத் தேடும் கணக்கு

ஒரு சதுர நிலத்தின் பரப்புத் தெரியும், பக்கம் எவ்வளவு? இதற்கு வர்க்கமூலம் வேண்டும். அரபியில் இதனை ‘ஜித்ர்’, அதாவது வேர் என்பர். இச்சொல்லே இலத்தீனில் வேரைக் குறிக்கும் ‘ராடிக்ஸ்’ என மொழிபெயர்க்கப்பட்டது. மூலங்களைச் சுருக்கும் விதிகளையும் அல்குவாரிஸ்மீ தருகிறார். ஒன்பதின் மூலத்தை இரட்டிப்பாக்க வேண்டுமா? இரண்டை இரண்டால் பெருக்கி, அதை ஒன்பதால் பெருக்கினால் 36. அதன் மூலம் 6. ஒன்பதின் மூலத்தை நான்கின் மூலத்தால் பெருக்கவும் 9ஐ 4ஆல் பெருக்கி, 36இன் மூலத்தைக் கண்டால் போதும். இன்று நம் பிள்ளைகள் √72ஐ √36 × √2 எனப் பிரித்து 6√2 என்று எழுதுவது இதே விதியின் மறுபக்கமே.

அவருக்குப் பின் வந்த எகிப்திய அறிஞர் அபூ காமில், முழுமையாக முடிவுறாத மூலங்களையும் தயங்காமல் கையாண்டார். இரு மூலங்களைக் கூட்டுவதற்கு அவர் வகுத்த வழியில் நாமே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். √18 + √8 எவ்வளவு? 18ஐயும் 8ஐயும் கூட்ட 26. அவற்றின் பெருக்குத்தொகை 144, அதன் மூலம் 12, இருமடங்கு 24. ஆக மொத்தம் 50. எனவே விடை √50.

இரு கரைகளில் பிரிந்த நூல்

கி.பி. 1145இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ராபர்ட் இந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். அடுத்துக் கிரெமோனா ஜெரார்டும் பெயர்த்தார். ஆயின் நூலின் பெரும்பகுதியாகிய மரண சாசன, வாரிசுரிமைக் கணக்குகள் அம்மொழிபெயர்ப்புகளில் இடம்பெறவில்லை. சமன்பாடு ஐரோப்பா சென்றது. அது எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பங்கீடு பின்தங்கிவிட்டது. அவ்வழியே வளர்ந்த பாடத்தைப் படிக்கும் நம் பிள்ளைகள் ‘இது எதற்கு?’ என்று கேட்பதில் வியப்பென்ன?

மறுபுறம் நம் நிலை என்ன? பங்கீட்டுச் சட்டத்தைப் போற்றுகிறோம், கணக்கைக் கைவிட்டோம். சீர் செய்து மணமுடித்துக் கொடுத்தாயிற்று என்று சகோதரியின் பங்கை மறுப்பதும், ‘ஏதோ பார்த்துக் கொடுத்தோம்’ என்று விதவையின் பங்கை முடிப்பதும் நம் குடும்பங்களில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? இறைவன் எண்ணிட்டு விதித்த பங்கை நாம் உத்தேசமாகக் கொடுப்பது எவ்வகையில் நியாயம்?

முன்னோர் பெருமையைப் பேசுவதால் மட்டும் நாம் உயர்ந்துவிட மாட்டோம். மத்ரஸாவில் பாகப்பிரிவினை கற்பிக்கும்போது கணக்கையும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பயிலும் பிள்ளைகளுக்கு அதன் பயனையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். நம் வீட்டுப் பெண்மக்களும் தங்கள் பங்கைத் தாங்களே கணக்கிடக் கற்கட்டும். உரியவர்க்கு உரியதைக் குறைவின்றி வழங்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.