பூட்டிய வீடுகளும் உடன் வந்த படிமங்களும்

பாலாற்றின் கரையோரமாக வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் நிலப்பகுதி தோல் தொழிலால் பெயர் பெற்றது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு, சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் வழியே இலண்டனுக்கு அனுப்பி வந்தவர்கள் பெரும்பாலும் இப்பகுதியின் முஸ்லிம் வணிகர்களே. அதே பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளில் தமிழ்ச் சமணர்கள் உழவைக் கைக்கொண்டு வாழ்ந்தனர். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சிராவகருக்குத் தோல் தொழில் ஆகாது. ஆதலால் இரு சமுதாயத்தாரும் ஒரே மாவட்டத்தில் வாழ்ந்தும் தொழிலால் அதிகம் நெருங்கியதில்லை. ஆயினும் பிறந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது என்ற ஒரு துன்பத்தில் இருவருக்கும் பங்கு உண்டு.

1947ஆம் ஆண்டின் பிரிவினை பஞ்சாபிலும் வங்காளத்திலும் நிகழ்ந்த ஒன்றாகவே தமிழகத்தில் பேசப்படுகிறது. தோல் ஊர்களுக்கோ அது அவ்வளவு தொலைவில் இல்லை. பிரிவினைக்கு முன் பச்சைத் தோல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இரயிலேறித் தெற்கே வந்தது. எல்லை கிழிக்கப்பட்டபோது தோல் கிடைக்கும் நிலத்தின் ஒரு பகுதி பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பதனிடும் கைகளோ இந்தியாவில் நின்றன. வணிகத்தைப் பின்பற்றிச் சில குடும்பங்களின் ஒரு கிளை கராச்சிக்குச் சென்றது. அண்ணன் ஆம்பூரிலும் தம்பி கராச்சியிலும் என்று வீடு இரண்டாயிற்று.

சென்றவர் சிலரே, நின்றவர் மிகப் பலர். தாமும் தோல் வணிகரான முகம்மது இஸ்மாயில் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகை அமைத்தது, இந்த மண்ணிலேயே இருப்பது என்ற முடிவின் அரசியல் வடிவம் எனலாம். ஆனால் சென்ற சிலருக்குத் திரும்பும் வழி விரைவாகவே அடைபட்டது. 1948 ஜூலையில் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வருவோருக்கு அனுமதிச் சீட்டு முறை வந்தது. 1952 அக்டோபரில் கடவுச்சீட்டு முறை வந்தது. இடையே 1950ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிர்வாகச் சட்டம், பாகிஸ்தானுக்குச் சென்றவரின் வீட்டையும் நிலத்தையும் அரசுப் பாதுகாவலரின் பொறுப்பில் வைத்தது. தம் உடைமையைப் பாகிஸ்தானுக்கு மாற்றுபவரை "வெளியேறக் கருதுபவர்" என்று அறிவிக்கவும் அக்காலச் சட்டத்தில் இடமிருந்தது. கருதுவதையே சட்டம் அளந்த காலம் அது. பாகப்பிரிவினை ஆகாத கூட்டு வீட்டில் ஒரு பங்காளி போய்விட்டால், மற்றவர் வாழும் கூடத்திலும் முற்றத்திலும் அவர் பங்கு எது என்ற கேள்வி எழுந்தது. தம்பி வந்து தங்க வேண்டிய அறை வழக்குக்குரிய சொத்தாகிவிடக்கூடும்.

எல்லையின் மறுபுறத்தில் இதே கதை திரும்பி நடந்தது. அங்கே வீட்டைப் பூட்டியவர்களுள் சமணரும் இருந்தனர்.

முல்தான் நகரில் திகம்பரச் சமணர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். ஜெய்ப்பூரின் பேரறிஞர் பண்டித தோடர்மல், விக்கிரம ஆண்டு 1811இல், அதாவது இற்றைக்கு ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்கு முன், ஆன்ம அனுபவம் பற்றி அவர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு விடையாக ஒரு நீண்ட மடல் விடுத்தார். "ரகஸ்யபூர்ண சிட்டி" என்ற பெயரில் அது இன்றும் பயிலப்படுகிறது. பாலைவனத்துக்கு அப்பாலிருந்து இத்தகைய நுண்ணிய கேள்விகளைக் கேட்ட ஒரு சிராவகக் கூட்டம் எத்துணைக் கல்வியுடையதாக இருந்திருக்க வேண்டும்! 1947இல் அவர்களின் வழித்தோன்றல்கள் முல்தானை விட்டு நீங்கினர். வீடு, கடை, பாத்திரம், நிலம் எல்லாம் அங்கேயே நின்றன. ஆலயத்து ஜினபிம்பங்களையும் சாத்திரச் சுவடிகளையும் மட்டும் விமானத்தில் ஏற்றிக் கொணர்ந்தனர். அவர்கள் வந்து குடியேறிய இடம் ஜெய்ப்பூர், ஆதர்ஷ் நகர். எந்த நகரத்திலிருந்து முன்னோர்க்கு மடல் வந்ததோ, அந்த நகரத்திலேயே அப்படிமங்களுக்குப் புதிய ஆலயம் எழுந்தது.

குஜ்ரன்வாலாவின் நிலை வேறு. அது சுவேதாம்பர மரபினர் வாழ்ந்த ஊர். 1893இல் சிகாகோ சமயப் பேரவைக்கு அழைக்கப்பட்டு, துறவு நெறியின் பொருட்டுத் தாம் செல்லாமல் வீர்சந்த் காந்தியை அனுப்பிய ஆத்மாராம்ஜி 1896இல் அங்கேதான் உடல் நீத்தார். அவரது சமாதியும் அங்கே எழுந்தது. அவர் வழிவந்த ஆசாரியர் விஜய வல்லப சூரி 1947இல் அவ்வூரில் சாதுர்மாசம் இருந்தார். கலவரம் மூண்டபோது அவரை மட்டும் முன்னதாக அழைத்துச் செல்லப் பலர் முயன்றனர். ஊரிலுள்ள சமணக் குடும்பங்கள் அனைத்தும் உடன் வந்தாலன்றித் தாம் நகர்வதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். மழைக்காலம் முழுதும் ஓரிடத்தில் தங்குவது துறவியின் விதி. அவ்விதி அவ்வாண்டு செப்டம்பரில் பாதியில் முறிந்தது. மக்களோடு அவர் அமிர்தசரஸ் வந்து சேர்ந்தார். பஞ்சாபின் ஞான பண்டாரங்களில் இருந்த சுவடிகளில் ஒரு பெருந்தொகுதி பின்னாளில் தில்லி வல்லப ஸ்மாரகத்தை அடைந்தது. சமாதிக் கட்டிடத்தைச் சுமந்து வர முடியாதே! அது சில காலம் காவல் நிலையமாகவும் பயன்பட்டது.

இவற்றை வடநாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாமைக்குக் காரணம் வேலூர்ப் பகுதியின் பாறைகளிலேயே இருக்கிறது. காட்பாடியை அடுத்த வள்ளிமலையில், கங்க மன்னன் இராசமல்லன் எடுப்பித்த சமணக் குகைப்பள்ளி உள்ளது. அச்சணந்தி செய்வித்த படிமமும், பாண மன்னனின் குருவாகிய தேவசேனரின் படிமமும் அங்கே கல்வெட்டோடு நிற்கின்றன. இன்று அம்மலை முருகன் தலமாகவே பலருக்கும் தெரியும். ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்து மலையில் நந்திவர்ம பல்லவனின் 50ஆம் ஆட்சியாண்டில் நாகநந்தி குரவரின் உருவமும் பொன்னியக்கியார் உருவமும் செதுக்கப்பட்டன. முதல் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டில், இலாடராசன் வீரசோழன் தன் தேவியின் வேண்டுகோளுக்கு இணங்கி, கூரகன்பாடி என்னும் பள்ளிச்சந்த ஊருக்குரிய கற்பூர விலையை அப்பள்ளிக்கே விட்டுக்கொடுத்தான். கல்வெட்டு அம்மலையைத் திருப்பான்மலை என்கிறது. ஊரார் சொல்வதோ பஞ்சபாண்டவமலை. விளக்கேற்றுவோர் நீங்கிய பிறகு உருவங்கள் நின்றன, பெயர் நீங்கிற்று. லாகூரில் இதற்கு நேர்மாறு: 1992 டிசம்பரில் ஆலயம் இடிக்கப்பட்டது; நாற்சந்திக்கு "ஜைன் மந்திர்" என்ற பெயர் மக்கள் வாயில் நின்றது.

விளாப்பாக்கத்துச் சிராவகர் எப்போது, ஏன் நீங்கினர் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. செஞ்சிப் பகுதியில் நடந்ததை மட்டும் தமிழ்ச் சமண மரபு நினைவில் வைத்திருக்கிறது. 1478 என்று அம்மரபு குறிக்கும் ஆண்டில், செஞ்சிச் சிற்றரசன் ஒருவனின் கொடுமைக்கு அஞ்சிப் பலர் ஊரைத் துறந்தனர். பலர் உயிர் காக்க நீறணிந்து "நீறுபூசிகள்" ஆயினர். தாயனூர் காங்கேய உடையார் தெற்கே உடையார்பாளையம் சென்று அடைக்கலம் பெற்றார். வீரசேனாசாரியர் சிரவணபெளகுளம் சென்று, பின்னர் உடையாரின் முயற்சியால் திரும்பி வந்து மக்களை மீண்டும் நெறிக்குள் சேர்த்தார் என்பது அம்மரபு. முல்தானில் போனவர் போனவர்களே. செஞ்சிச் சீமையில் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருந்தது, அழைத்து வரவும் ஒருவர் இருந்தார்.

இப்போது தமிழ்ச் சமண ஊர்களில் வீடுகள் வேறு காரணத்தால் பூட்டப்படுகின்றன. கல்விக்கும் வேலைக்குமாகப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் சென்றுவிட்டனர். எல்லையும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. ஆரணிக்கும் வந்தவாசிக்கும் பேருந்து நாள் முழுதும் ஓடுகிறது. திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டின் சாவி பெரும்பாலும் அடுத்த வீட்டிலோ ஆலயத்து உபாத்தியாயரிடமோ இருக்கும். பரணில் தாத்தாவின் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகமோ, துணியில் சுற்றிய ஓலைக்கட்டோ கிடக்கும். ஆண்டுத் திருவிழாவுக்கு வரும் குடும்பம் அன்று காலையில் கதவைத் திறந்து, வாசல் தெளித்துக் கோலமிட்டு, மாலையில் ஜினாலயத்து வீதியுலா முடிந்ததும் மீண்டும் பூட்டிச் செல்கிறது.