முப்புரிக் கயிறும் ஒரு சதுர வரைபடமும்

பழைய தச்சுப் பட்டறைகளில் மரத்தோடு மரத்தை ஒட்ட வச்சிரம் காய்ச்சுவார்கள். விலங்கின் தோலையும் எலும்பையும் தசைநாணையும் நெடுநேரம் வேகவைத்து எடுக்கும் பசை அது. வேகும் முன் அது இழுத்தாலும் அறாத நாண். வெந்த பின் விரலில் பிசுபிசுக்கும் கூழ். இரண்டிலும் இருக்கும் பொருள் ஒன்றுதான், கொலாஜன் என்னும் புரதம். அதன் அமினோ அமிலங்கள் எங்கும் போய்விடவில்லை. அவை தொடுக்கப்பட்டிருந்த வரிசையும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. குலைந்தது உருவம் மட்டுமே.

உருவமே புரதத்தின் செயலைத் தீர்மானிக்கிறது என்பது இன்று பாடநூல் வாசகம். ஆனால் நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்கும் இந்தக் கொலாஜனின் உருவம் என்னவென்பது 1950களின் தொடக்கத்தில் எவருக்கும் விளங்கவில்லை. ஆல்ஃபா சுருளைக் கண்டு சொன்ன லைனஸ் பாலிங்கே 1951இல் கொலாஜனுக்கு ஓர் அமைப்பை முன்வைத்துத் தவறினார். சரியான திசையில் முதலில் நடந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள்.

ஜி. என். ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று மீண்டவர். 1952இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அவருக்கு வேண்டிய சுதந்திரத்தை அளித்தார். அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராகவே இருக்கிறது என்று பேச்சினிடையே குறிப்பிட்டது ராமச்சந்திரனைப் பற்றிக்கொண்டது. அண்டையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்பதே பெரும்பகுதி கொலாஜன்தானே! கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற இழைகளைக் கொண்டு நல்ல எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன. உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா.

அவர்களுக்குக் கிடைத்த துப்பு ஓர் எண்ணிக்கை. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கிளைசின் இருந்தது. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். மற்றவற்றுக்குப் பக்கக்கிளையாக ஓர் அணுத்தொகுதி இருக்க, இதற்கு இருப்பதோ ஒற்றை ஹைட்ரஜன் அணு. மூன்று இழைகள் நெருங்கிச் சேருமானால் நடுவில் இடம் மிகக் குறுகும். அந்த நெருக்கடியில் நிற்க வல்லது கிளைசின் மட்டுமே. எனவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வர வேண்டும், அது உள்நோக்கியே அமைய வேண்டும். 1954இல் 'நேச்சர்' இதழில் மூவிழை அமைப்பு வெளியாயிற்று. மறு ஆண்டில் அதைத் திருத்தி, இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்வதாகக் காட்டினார்கள். நிலவு பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றிவருவது போல, கிளைசின்கள் யாவும் அச்சை நோக்கியபடியே சுற்றிச் செல்கின்றன. தனித்தனி இழைகள் இடஞ்சுழியாகவும், மூன்றும் சேர்ந்த புரி வலஞ்சுழியாகவும் முறுக்குண்டிருக்கின்றன. கயிறு திரிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். எதிரெதிர் முறுக்கு இருந்தால்தான் கயிறு பிரியாது.

அதே 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் இருவரும் மறுப்பெழுதினார்கள். மூவிழைப் புரியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற சென்னைக் கணக்கு ஒப்பத்தக்கதன்று என்றார்கள். அவ்வாறு அமைத்தால் சில அணுக்கள் தாங்கமுடியாத அளவு நெருங்கிவிடுகின்றன. ஒரு பிணைப்புக்கே இடம் உண்டு என்பது அவர்கள் வாதம்.

நம்மிடையே இந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் பறிபோன பெருமையின் கதையாகவே சொல்கிறார்கள். வெள்ளையர் பறித்துக்கொண்டனர், நோபல் தவறிற்று என்று முடிந்துவிடுகிறது. நாம் அப்படிக் கருதவில்லை. கிரிக் பெற்ற நோபல் டி.என்.ஏ.வுக்கானது, கொலாஜனுக்கு யாரும் பெறவில்லை. அதைவிட முக்கியமாக, புலம்பல் கதையில் அடுத்து நடந்தது மறைந்துபோகிறது.

'மிக நெருக்கம்' என்றால் எவ்வளவு நெருக்கம்? பிணைப்பில்லாத இரு அணுக்கள் ஒன்றையொன்று எந்த எல்லைவரை அணுகலாம்? இதற்கு அப்போது உறுதியான விடை இல்லை. ராமச்சந்திரன் தமக்கு எதிரான வாதத்தையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளைத் துழாவி, ஒவ்வொரு வகை அணு இணைக்கும் இயல்பான குறைந்தபட்சத் தொலைவு, அரிதாகக் காணப்படும் கடைசி எல்லை என இரு பட்டியல்கள் தொகுக்கப்பட்டன. பிறகு கேள்வி கொலாஜனைத் தாண்டியது. புரத இழையில் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, முறுக்க இயலாதது. ஆகவே ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இரண்டு இடங்களில்தான் திரும்பும் உரிமை உண்டு. அக்கோணங்களுக்கு ஃபை, ஸை என்று பெயர். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து ஒரு சதுரம் வரைந்து, எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் மோதுகின்றன என்று கணக்கிட்டு அழித்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்?

மிஞ்சியது சொற்பம். சதுரத்தின் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட நிலம். அதில் சில தீவுகள். ஒரு தீவில் ஆல்ஃபா சுருள், இன்னொன்றில் பீட்டா தாள். கிளைசினுக்கு மட்டும் நிலப்பரப்பு தாராளமாக விரிந்தது. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி'யில் வெளியிட்ட இந்த வரைபடமே ராமச்சந்திரன் பெயரால் இன்றும் வழங்குகிறது. உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைத் தீர்த்தாலும் இந்தச் சதுரத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். தடைப்பகுதியில் புள்ளிகள் மிகுந்தால் ஐயம் எழுகிறது. கணினியே உருவத்தை ஊகிக்கும் இக்காலத்திலும் அந்தச் சோதனை ஓயவில்லை. மூவிழைப் புரியைவிட இதுவே பெரிய சாதனை என்பது நம் கணிப்பு. முன்னது ஒரு புரதத்தின் உருவம். பின்னதோ எந்தப் புரதமும் எடுக்கக்கூடிய உருவங்களின் எல்லை.

இந்த நெருக்கடிக் கணக்கு வெறும் வடிவகணிதமன்று. செல்லுக்குள் கொலாஜன் உருவாகும்போது அதன் புரோலின்கள் பல ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றப்படுகின்றன. அம்மாற்றத்துக்கு வைட்டமின் சி வேண்டும். மாற்றம் நிகழாவிட்டால் முப்புரி ஏறக்குறைய 24 பாகை செல்சியஸிலேயே பிரிந்துவிடும். உடலோ 37 பாகையில் இருக்கிறது. நெடுங்கடல் மாலுமிகளின் ஈறுகள் ஸ்கர்வி நோயில் கசிந்ததும் ஆறிய புண்கள் மீண்டும் திறந்ததும் இதனால்தான். இன்னொன்று பிறவியிலேயே வருவது. ஆயிரம் அமினோ அமிலங்களுக்கு மேல் நீளும் இழையில் ஒரே ஒரு கிளைசின் வேறொன்றாக மாறினாலும் போதும். எலும்புகள் நொறுங்கும் நோய் தோன்றலாம். சில குழந்தைகள் கருவறையிலேயே எலும்பு முறிவுகளுடன் வளர்கின்றன.

1994இல், ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி ஆகியோர் அடங்கிய குழு கொலாஜனையொத்த சிறு பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பைத் தெளிவாகக் கண்டறிந்தது. மூன்றுக்கு ஒரு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பே இருந்தது. அந்த வழக்கில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே சரி. அப்போது ராமச்சந்திரன் உயிருடன் இருந்தார். 2001இல் சென்னையில் மறைந்தார். அந்தப் பெப்டைடில் ஓரிடத்தில் வேண்டுமென்றே கிளைசினுக்குப் பதிலாக அலனின் வைக்கப்பட்டிருந்தது. கூடுதலாக வந்தது ஒரு சிறு மெத்தில் தொகுதி மட்டுமே. அவ்விடத்தில் முப்புரி சற்றே முறுக்குத் தளர்ந்து புடைத்திருந்தது. இழைகளை நேராகப் பிணைத்திருக்க வேண்டிய இடத்தில் நீர் மூலக்கூறுகள் புகுந்து நின்றன.