தவணை தவறினால் வண்டி யாருடையது?

திருவல்லிக்கேணி பெரிய தெருவில் எனக்குத் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், தவணை தவறி வண்டியைப் பறிகொடுத்தார். உரிமையும் போயிற்று என்றே நம்பினார். அப்படியல்ல என்றேன். அடமானக் கடனில் பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் குறிப்பாக மட்டுமே இருக்கும். உரிமையாளர் கடன் வாங்கியவரே. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி, கைப்பற்றிய நிறுவனம் தன் பெயருக்குப் புதிய சான்று கேட்டால், உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தந்த பிறகே பதிவு அதிகாரி பழையதை ரத்துசெய்யலாம். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடுவோரே அதிகம் என்பது என் அனுபவம். அடியாட்களை ஏவி வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இலேயே கண்டித்துள்ளது. ஏலம் முடிந்ததும் பெயர் மாறியதா என்றும் பார்க்க வேண்டும். மாறாதிருந்தால், வேறொருவர் ஓட்டி நேர்ந்த விபத்துக்கான இழப்பீட்டு வழக்கு பழைய பதிவுதாரரின் கதவைத் தட்டக்கூடும்.