ஊர் சுற்றிய ஊதா

வேலியோரத்துக் குப்பைமேனியில் ஆன்ட்டிஆக்ஸிடன்ட் உண்டா? இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றை ஓர் ஊதாக் கரைசலில் விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைப்பார்கள். ஊதா வெளிறி மஞ்சளானால் ஆய்வு மாணவரின் முகம் மலரும். எத்தனையோ கல்லூரி ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது இது. அந்த ஊதாவின் பெயர் டிபிபிஎச். பிறந்தபோது செடிகொடிகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1900-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் ஆறு பென்சீன் வளையங்கள் கொண்ட ஒரு சேர்மத்தைச் செய்யப் போனார். கிடைத்ததோ, காற்றுப் பட்டதுமே ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும் வேறொன்று: ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் ‘ஃப்ரீ ராடிக்கல்’. இந்தத் துறையை எனக்கே விட்டுவையுங்கள் என்ற வேண்டுகோளோடு கட்டுரையை முடித்தார். யார் கேட்டார்கள்?

1922-ல் ஜெர்மானியர்களான கோல்ட்ஷ்மிட்டும் ரென்னும் நைட்ரஜனை வைத்து ஒரு ராடிக்கலைச் செய்தார்கள். அதுதான் டிபிபிஎச். பெரிய வளையங்கள் சூழ்ந்து காவல் நின்றதால், ராடிக்கலாக இருந்தும் அது சாதுவாகப் புட்டியில் அடங்கிக் கிடந்தது.

அடுத்து அதைத் தேடி வந்தவர்கள் இயற்பியலர்கள். 1944-ல் ரஷ்யாவின் கசான் நகரில் சவோய்ஸ்கி ஒற்றை எலக்ட்ரான்களைக் கண்டறியும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தக் கருவிகளைச் சரிபார்க்க எடைக்கல் போல ஒன்று வேண்டியிருந்தது. டிபிபிஎச் எடைக்கல்லானது.

1956-ல் டென்ஹாம் ஹார்மன், நாம் மூப்படையக் காரணமே ஃப்ரீ ராடிக்கல்கள்தான் என்றார். இரண்டே ஆண்டில், எலக்ட்ரான் ஆய்வுகளில் தோய்ந்த மார்ஸ்டன் பிளாய்ஸ், ‘நேச்சர்’ இதழின் ஒரு சிறு கட்டுரையில் அந்த எடைக்கல்லை, ராடிக்கல்களை அடக்கும் ஆன்ட்டிஆக்ஸிடன்ட்களுக்கான உரைகல்லாக மாற்றினார். ஹைட்ரஜனைத் தரும் பொருள் எதுவானாலும் ஊதா மறையும். 517 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் எவ்வளவு மறைந்தது என்பது தெரிந்துவிடும். 1995-ல் பிரான்ஸில் பிராண்ட்-வில்லியம்ஸ் குழு இதைச் செப்பனிட்டது. நிறமானி ஒன்றும் கொஞ்சம் மெத்தனாலும் போதுமே! ஒருவரைப் பார்த்து ஒருவர் என உலகமே செய்யத் தொடங்கியது. காட்டுச் செடிகள் வரிசையில் நின்றன.

ஆனால் உடம்பு சோதனைக் குழாய் அல்ல. பீட்டா கரோட்டின் பெயர்பெற்ற ஆன்ட்டிஆக்ஸிடன்ட். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில், அதை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடியதாக 1994-ல் தெரியவந்தது. அமெரிக்க வேளாண் துறை, இன்னொரு சோதனைக் குழாய் முறையில் தயாரான உணவு ஆன்ட்டிஆக்ஸிடன்ட் பட்டியலை 2012-ல் விலக்கிக்கொண்டது. டிபிபிஎச்சும் நம் உடம்புக்குள் எங்குமே இல்லாத பொருள்தான்.

குப்பைமேனிச் சாற்றுக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கத் தெரியும். வெளிறிய ஊதா சொல்வது அவ்வளவுதான். மருந்து என்ற சொல்லைச் சேர்ப்பது நாம்.