கர்சன் சாத்திய கதவு, கர்சன் திறந்த கதவு



கர்சன் பிரபு என்றால் 1905 வங்கப் பிரிவினை. என்னிடம் வரலாறு படித்தவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வீர்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத அவருடைய இன்னொரு கதையை இன்று எழுதுகிறேன். லண்டனில் உள்ள ராயல் புவியியல் சங்கத்தில் பெண்கள் சேர்ந்த கதை அது.

1830-இல் தொடங்கிய சங்கம் அது. அதன் உறுப்பினருக்கு 'ஃபெல்லோ' என்று பெயர். அந்தப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். புவியியல் தெரிந்தவர் என்பதற்கு அன்று அது பெரிய அத்தாட்சி.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஐடா ஃபைஃபர் உலகை இரண்டு முறை சுற்றியவர். முதல் பயணத்தில் நம் மெட்ராஸிலும் இறங்கியிருக்கிறார். பெர்லின், பாரிஸ் புவியியல் சங்கங்கள் அவரைச் சேர்த்துக்கொண்டன. லண்டன் சங்கமோ பெண் என்பதால் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் 1860-இல் ஜேன் ஃபிராங்க்ளினுக்கும், 1869-இல் 'இயற்கைப் புவியியல்' நூலை எழுதிய மேரி சோமர்வில்லுக்கும் இதே சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கிறது. பதக்கம் கொடுக்கலாம், பக்கத்தில் உட்கார நாற்காலி கொடுக்கக் கூடாது! இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் புவியியல் சங்கம் 1884-இல் தொடங்கும்போதே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. லண்டன் சங்கத்தின் நிர்வாகக் குழு 1892-இல்தான் அந்த முடிவுக்கு வந்தது. ஜப்பான், லடாக் என்று சுற்றி எழுதிய இசபெல்லா பேர்ட் உட்பட 22 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். உடனே எதிர்ப்பு கிளம்பியது. 1893-இல் கூடிய உறுப்பினர் கூட்டம் நிர்வாகக் குழுவின் முடிவைத் தோற்கடித்தது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்சன் எதிர்ப்பாளர்களில் முன்னணியில் நின்றார். புதிய இடங்களை ஆராயும் வேலைக்குப் பெண்களின் இயல்பும் பயிற்சியும் ஒத்துவராது என்று 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்.

சேர்ந்துவிட்ட 22 பேரை வெளியேற்றவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் புதிதாக ஒரு பெண்ணையும் சேர்க்கவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. மேரி கிங்ஸ்லி மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் பயணம் செய்து மீன் மாதிரிகளைச் சேகரித்து வந்தார். ஸ்காட்லாந்து சங்கத்தின் ஆய்விதழை 1902 முதல் மேரியன் நியூபிகின் ஆசிரியராக இருந்து நடத்தினார். கெர்ட்ரூட் பெல் அரேபியப் பாலைவனங்களில் அலைந்துகொண்டிருந்தார்.

இந்தியாவில் வைஸ்ராயாக இருந்து திரும்பிய கர்சன் 1911-இல் அதே சங்கத்தின் தலைவரானார். 1913-இல் பெண்களைச் சேர்க்கலாம் என்ற முடிவு நிறைவேறியது. அதற்கு ஆதரவாக நின்றவர் கர்சனேதான்! பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று போராடிய அமைப்புக்கும் அப்போது அவர்தான் தலைவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஆகவே அவர் முழுக்க மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெண்கள் செய்து முடித்திருந்த வேலையை இல்லையென்று சொல்ல வழியில்லாமல் போயிருந்தது என்பதே என் எண்ணம். அந்த ஆண்டே சேர்ந்த கெர்ட்ரூட் பெல்லுக்கு 1918-இல் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது.

இப்போது உங்கள் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் படிக்கிறார்கள். அமெரிக்காவில் புவியியல் மாணவர்களுக்கென்று 1928-இல் தொடங்கிய 'காமா தீட்டா அப்சிலான்' என்ற கௌரவச் சங்கம் இருக்கிறது. அதில் சேர எத்தனை புவியியல் பாடம் படித்தாய், என்ன மதிப்பெண் வாங்கினாய் என்றுதான் பார்க்கிறார்கள். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஓர் அழைப்பு வந்தால் சந்தோஷமாகச் சேரச் சொல்லுங்கள். சேருமுன் விதிமுறையில் 'யார் சேரலாம்' என்ற பகுதியை ஒருமுறை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காக லண்டனில் இருபது ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள்.