தாருக்கு அடியில் தாமரை

காரைக்குடியில் பழைய சாமான் விற்பவர் பெட்டியின் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது செட்டியார் வீட்டுச் சாமானாச்சே, ஒங்க தெருவுக்கு எப்படி வந்துச்சு?” திருட்டுப் பொருளாம். பேசாமல் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன்.

பெட்டி முழுக்கத் தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பத்து நாள் துடைத்தேன். தாமரையும் கொடியும் வெளியே வந்தன. கையால் செதுக்கியவை, ஒரு இதழ் போல் இன்னொன்று இல்லை. அடிப்பலகையை ஆசாரி லேசாக இழைத்ததும் வாசம் வந்தது. பர்மாத் தேக்கு என்றார். அது செட்டிநாட்டுத் தூண்களுக்கு மட்டுமா வந்தது? ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில் நம் சேரி ஆட்களும் உண்டு. எங்கள் அய்யா அதில் ஒருவர். 1942இல் காடுமலை நடந்து வந்தவர்கள் உயிரைத்தான் கொண்டுவந்தார்கள். பெட்டி அதற்கு முந்தியது.

அப்பத்தா எப்போதோ சொன்னது இப்போதுதான் விளங்குகிறது: “ஒங்க அய்யா ஆசையா கொண்டாந்தாக. அந்த வருசமே கட்டு போட்டாய்ங்க. பூவ மறைச்சுத் தார அடிச்சோம்.”

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. சட்டை, செருப்பு, குடை கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மாராப்புப் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மரத்தில் செதுக்கிய பூவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் பயம்.

பின்பக்க மூலையில் மட்டும் தார் பாக்கி. “அதையும் எடுத்துட்டு வார்னிஷ் அடிச்சிரலாம் தம்பி” என்றார் ஆசாரி. வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.